சாட்சி உட்கார்ந்த நாற்காலி

தம்பி இசக்கி அடிபட்டுச் செத்த நாளிலிருந்து, மாடம்மாள் எதில் உட்கார்ந்தாலும் அது நடக்கத் தொடங்கியது. முதலில் நடந்தது டீக்கடை பெஞ்சு. கூட இருந்த மூன்று பேர் கிளாசோடு கீழே விழுந்தார்கள். பிறகு மருத்துவமனை ஸ்டூல், காவல் நிலையத்து நாற்காலி, வாடகை அறையில் விரித்த பாய். எல்லாம் திருவனந்தபுரத்துத் தம்பானூர் ரயில் நிலையத்தைப் பார்த்தே போயின. இதில் அதிசயப்பட யாருக்கும் நேரமில்லை. சங்கரன்கோயிலிலிருந்து விழிஞ்ஞத்துக்குக் கட்டட வேலைக்கு வந்த ஒருத்தி உட்கார்ந்தால் என்ன, உட்காராவிட்டால் என்ன என்று ஊர் பேசாமல் இருந்துவிட்டது. ஆனால் சூப்பர்வைசர் ஷிபு இசக்கியைக் கம்பியால் அடித்ததைப் பார்த்தவள் அவள் மட்டும்தான். கோர்ட்டில் அவள் அதைச் சொன்னால் வழக்கு நிற்கும். சொல்லாமல் ஊருக்கு ரயிலேறிவிட்டால் ஷிபு வெளியே வந்துவிடுவான்.

சாட்சிகளுக்குத் துணையாகக் கோர்ட்டுக்கு வந்துபோவது கரமனை அக்ரஹாரத்துத் திவ்யலட்சுமியின் வேலை. தமிழ் பேசுவாள் என்று மாடம்மாளை அவளிடம் ஒப்படைத்தார்கள். ஆளில்லாத நேரத்தில் கோர்ட் ஹாலுக்குக் கூட்டிப்போய், கூண்டு எது, ஷிபு கண்ணில் படாமல் நிற்க எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்றெல்லாம் காட்டினாள். ஒன்றுக்கு மட்டும் விதி இடம் தரவில்லை. "நீங்க பார்த்ததை எங்கிட்டச் சொல்லப்படாது அக்கா. நான் சொல்லிக்கொடுத்தேன்னு வக்கீல் பிடிச்சுப்பார். கோர்ட்டிலதான் சொல்லணும், கேட்டேளா?"

மாடம்மாள் வாயை மூடிக்கொண்டாள். வழக்கு பதினோரு முறை தள்ளிப்போனது. வக்கீலுக்குக் காய்ச்சல், ஹர்த்தால், நீதிபதிக்கு மாற்றல். இரண்டு வருடம் கோர்ட் வராந்தாவில் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றாள். ஓடுகிற பஸ்ஸில் மட்டும் இருக்கை அடங்கியிருந்தது. அதைக் கண்டுபிடித்தது திவ்யலட்சுமிதான். ஒவ்வொரு வாய்தாவுக்கும் முன்னால் இரண்டு பேரும் கிழக்கேகோட்டையிலிருந்து விழிஞ்ஞத்துக்குச் சும்மா ஒரு நடை போய்வருவார்கள். உட்கார்ந்ததுமே மாடம்மாள் தூங்கிப்போவாள். "உறங்கட்டும், எத்தும்போ நான் விளிக்கேன்" என்று, இடம் வந்ததும் எழுப்புவதாகச் சொல்வார் கண்டக்டர் தாசையன்.

ஐம்பது தாண்டிய சாட்சிக்கெல்லாம் நாற்காலி கேட்டு மனு வைப்பது திவ்யலட்சுமியின் கைப்பழக்கம். அந்தப் பழக்கத்தில் மாடம்மாளுக்கும் வைத்துத் தொலைத்திருந்தாள். பன்னிரண்டாம் வாய்தாவில் பெயரை மூன்று முறை கூப்பிட, மாடம்மாள் கூண்டருகே வந்து நின்றாள். நீதிபதி மனுவைப் படித்து, பரிவோடு, நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார். திவ்யலட்சுமி பாதி எழுந்து மறுபடி உட்கார்ந்தாள். சாட்சி விசாரணை நடக்கும்போது அவள் வாய் திறக்கக் கூடாது.

நாற்காலி மூன்று கேள்விவரை பொறுத்தது. பிறகு எழுந்த மாதிரி ஒரு ஆட்டம் ஆடிவிட்டு வாசலைப் பார்த்து நடந்தது. பழைய வழக்கு, இனித் தள்ளிவைக்க முடியாது என்று நீதிபதியும் பின்னால் நடந்தார். டைப்பிஸ்ட் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டார். ஷிபுவை இரண்டு போலீஸ்காரர்கள் கூட்டிவந்தார்கள். வராந்தா, படி, முற்றம், கேட் என்று கோர்ட் போய்க்கொண்டே இருந்தது. எதிர்த்தரப்பு வக்கீல் மூச்சிரைக்க மலையாளத்தில் கேட்டதை மொழிபெயர்ப்பாளர் ஓடியபடியே தமிழில் சொன்னார்: பார்த்தேன் என்கிறாயே, சொந்தத் தம்பியைப் பக்கத்தில் போய்த் தூக்கினாயா?

நாற்காலி ரோட்டில் இறங்கப் பார்த்தது. மாடம்மாள் அதன் கைகளை இறுகப் பிடித்தாள்.

"தூக்கலய்யா. அந்தா நிக்கானே, அவன் கம்பியோட என்னயப் பாத்தான். எந்தம்பி யக்கான்னு கூப்ட்டான். நான் ஓடிட்டேன். திரும்பிக்கூடப் பாக்கல."

பஸ் நிறுத்தத்தில் நாற்காலி நின்றது. இரண்டு வருடம் பக்கத்திலேயே இருந்தும் கேட்கக் கூடாத அந்த ஒன்றைக் கேட்டுவிட்ட திவ்யலட்சுமி, சுவரைப் பார்த்துத் திரும்பி அழுதாள். வாக்குமூலத்தை அங்கேயே டைப் செய்து, அங்கேயே வாசித்துக்காட்டி, கையெழுத்து வாங்கினார்கள். ஷிபுவுக்கு ஆயுள் தண்டனை வந்தது ஆறு மாதம் கழித்து. நாற்காலியைத் திருப்பி எடுக்க நாலு பேர் வந்து பார்த்தார்கள், அசையவில்லை. இன்றும் அங்கேதான் இருக்கிறது, பஸ்ஸுக்கு வருகிறவர்கள் முறை வைத்து உட்காருகிறார்கள்.

வாக்குமூலம் கொடுத்த அன்று சாயங்காலம் தாசையனின் பஸ் காலியாகவே வந்தது. திவ்யலட்சுமி ஏறி நின்று கை நீட்டினாள்.

"நீ போ தாயி" என்றாள் மாடம்மாள். "நான் செத்த நேரம் உக்காந்துட்டு வாரேன்."