எடுத்தவர்: நான்

"அசையாதீங்க" என்று அதட்டியே எங்களைப் படமெடுத்த அப்பா, தான் ஒரு படத்திலும் இல்லாமல் போய்ச் சேர்ந்தார். அக்காவுக்கு அந்தக் குறை தீரவேயில்லை.

அவர் எக்செல்லில் தட்டிவைத்த படப் பட்டியலை, எந்தப் படத்தில் யார், எடுத்தது யார் என்று கோடு போட்டு இணைத்துக் காட்டும் வரைபடமாக மாற்ற நானும் அக்காவும் உட்கார்ந்தோம். நான் பந்தாவாக இறக்கிவைத்த பெரிய மென்பொருள், 'எடுத்தவர்' கட்டங்களில் அப்பா எழுதிய "நான்" ஒரு பெயரே இல்லை என்று தள்ளியது.

"அத்தான் மாதிரியே குறை சொல்லுது," என்றேன் அக்காவிடம்.

"வாய மூடிட்டு, இன்னொரு சின்னக் கருவி வச்சிருக்கியே, அத எடுடா. அது கேள்வி கேக்காது."

சின்னக் கருவி இருந்ததை இருந்தபடியே இணைத்தது. திரையில் எல்லாப் படங்களின் கோடுகளும் நடுவில் ஒரே புள்ளியில் வந்து சேர்ந்தன: "நான்."

"அத மாத்தி அப்பா பேரப் போடவா?"

"வேணாம்டா. இப்பத்தான் அசையாம உக்காந்திருக்காரு," என்றாள் அக்கா.