மூன்று குழிகளும் சீதேவியும்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்திரண்டு பங்குனியில், யப்பான்காரன் குண்டு போட வரப்போகிறான் என்று திருகோணமலைத் துறைமுகத்தில் பதுங்குகுழி தோண்டினார்கள். எத்தனை குழி! கோழி கிளறவும் இடம் மிஞ்சவில்லை. எங்கள் கந்தோரில் வேலை பார்த்தவர்களுக்கு மட்டும் மூன்று. துரைமாருக்குச் சீமெந்துக் கூரை போட்டது; கிளாக்கர்மாருக்குப் பனங்குற்றி அடுக்கியது; கூலிகளுக்கு வானமே கூரை. யார் எந்தக் குழி என்று பட்டியல் எழுதியவன் நான்.

எழுதி முடித்த அன்றே சீதேவி வந்து நின்றாள். கந்தோர்க் கக்கூசு கழுவுகிறவள். முந்நூறு ஆண்களுக்கு நடுவே ஒரே பெண்.

"என்ர பேர் எந்தக் குழியில ஐயா?"

தேடினேன். இல்லை. கூலிகளின் கங்காணி தங்கத்துரையைக் கேட்டேன். சிரித்தான்.

"இவளை உள்ளுக்கு விட்டா எங்கட பெடியள் பிளேனைப் பாக்க மாட்டாங்கள்."

தலைமைக் கிளாக்கர் இரத்தினசிங்கத்தார் தொண்டையைச் செருமினார். அவருடைய வயிறு கந்தோருக்குள் நுழைந்து ஐந்து நிமிடம் கழித்துத்தான் அவர் நுழைவார்.

"இஞ்ச பார் சீதேவி, ஆம்பிளையள் தோளோட தோள் உரசி நிக்கிற இடம். உன்ர மானத்தை யோசிச்சுத்தான் சொல்லுறன்."

"குண்டு விழுந்தா மானம் எங்க நிக்கும் ஐயா?"

அவள் போனதும் என் காதருகே குனிந்தார். "கக்கூசு கழுவுறவளோட ஒட்டி நிண்டா, குண்டுக்குத் தப்பினாலும் வீட்டை போய் முழுகவேணும்."

நான் சிரித்தேன். பெயரை எழுதவில்லை.

புத்தாண்டுக்கு நாலு நாள் இருக்க, காலைக் கோப்பி தொண்டையில் இறங்குமுன் ஆபத்துச் சங்கு ஊதியது. ஆயிரம் விமானம் என்றுதான் எல்லோருக்கும் சொல்லிவருகிறேன், நூறு இருக்கும். குழிக்குள் பாய்ந்தோம். சீதேவி எங்கள் கிளாக்கர் குழி வாசல்வரை ஓடிவந்து முகங்களைப் பார்த்தாள். ஒருவரும் நகர்ந்து இடம் விடவில்லை. நானும்தான்.

பிறகு நடந்தது அவள் சொல்லித்தான் தெரியும். துரைமாரின் குழிக்கு ஓடியிருக்கிறாள். அங்கே எங்கள் துரையின் பெண்சாதி தன் நாயோடு மாரடித்துக்கொண்டிருந்தாளாம். கன்றுக்குட்டி அளவு நாய். சரி, ஆட்டுக்குட்டி அளவு. குண்டுச் சத்தத்துக்கு அது துள்ளத் துள்ள, துரைச்சாணி சங்கிலியைச் சீதேவியின் கையில் திணித்து அவளை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

மறுநாள் பட்டியலைத் திருத்தச் சொல்லித் துரையின் உத்தரவு வந்தது. துரைமாரின் குழியின் கீழ் எழுதினேன்: துரைச்சாணி. நாய். நாயைப் பிடிக்க ஒரு பெண்.

"என்ர பேர் விழுந்திட்டுதோ ஐயா?" என்றாள், எழுத்தறியாத சீதேவி.

"ஓம்."

அவள் சிரித்தாள். துறைமுகத்து இருட்டடிப்பு முழுவதும் பறந்துபோகிற சிரிப்பு.

பத்தாம் நாள் துரைச்சாணி நாயோடு கண்டிக்குப் போய்விட்டாள். இரத்தினசிங்கத்தார் என் மேசைக்கு வந்தார்.

"அந்த வரியை வெட்டும்."

வெட்டினேன்.

பின்னேரம் சீதேவி வாளியை வெளியே வைத்துவிட்டு வந்து நின்றாள்.

"நாய் போயிட்டுது. இனிச் சங்கு ஊதினா நான் எங்க ஐயா ஓடுறது?"

பட்டியல் எனக்கு முன்னால்தான் கிடந்தது. பென்சிலைத் தேடுவதுபோல மேசை லாச்சியை இழுத்துத் திறந்து, அவள் போகும்வரை தேடிக்கொண்டேயிருந்தேன்.