மிலுங்காவின் வாசலில் விறகு

லாரிக்காரன் குளிர்காலம் முழுமைக்குமான விறகை மிலுங்காவின் வாசலில் கொட்டிவிட்டுப் போய்விட்டான். நடைபாதையை அடைத்துக்கொண்டு கிடந்தது. வேறு வருஷமாக இருந்தால் கணவன் ஒப்ராட் சாயங்காலத்துக்குள் கொட்டகையில் அடுக்கியிருப்பான். அவனோ பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தான். வீடு திரும்புகிறவனுக்குக் கதகதப்பான அறை வேண்டும் என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். மொராவா ஆற்றுக்கு மேலே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. நனைந்த விறகில் புகைதான் வரும்.

கூப்பிட்டால் தெருவே வரும். ஆனால் விறகு சுமக்க வந்தவர்களை வயிறாரச் சாப்பிட வைக்காமல் அனுப்புவது அந்த ஊரில் நடக்காத காரியம். ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைந்ததில் மிலுங்காவின் அடுப்படியில் காய்ந்த ரொட்டியைத் தவிர ஒன்றுமில்லை. அதனால் கேட்டவர்களிடமெல்லாம், "வேண்டாங்க, நானே பாத்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டு, ஒவ்வொரு கட்டையாகத் தூக்கினாள்.

முதலில் ஆறுதல் வந்தது. அது 'அண்டை வீட்டார் அன்பு வாரம்'. வட்டாரக் குழுத் தலைவர் ப்ரெத்ராக் போட்டோக்காரரோடு வந்து, குவியலின் மேல் பாங்காக ஒரு காலை வைத்து, பிறர் துயரைத் தன் துயராக உணர்வதே பண்பாடு என்று பேசினார். இடி உறுமியது. அதைக் கைதட்டலாக எடுத்துக்கொண்டாரோ என்னவோ, இன்னும் நீட்டினார். முடிவில் ஒரு வாசனை மெழுகுவர்த்தியைப் பரிசளித்தார்.

அப்போதுதான் எதிர்வீட்டு சகோர்கா தள்ளுவண்டியோடு வந்தாள். அவள் வாய்க்கு அந்தத் தெருவே பயப்படும்.

"ஏண்டி, நடைபாதை என்ன உங்கப்பன் சொத்தா? நான் எப்படி வண்டி தள்ளுறது?"

"எடுத்துக்கிட்டுதானே இருக்கேன்க்கா."

"நீ எடுத்து முடிக்கிறதுக்குள்ள ஈஸ்டர் வந்துடும். உனக்கு உதவி பண்ணவெல்லாம் நான் வரல. என் வழியை நான் சரி பண்ணிக்கிறேன்." தெருவைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். "திரைக்குப் பின்னால நிக்கிறவங்கள்லாம் வெளிய வாங்க. உங்களுக்கும் இதே வழிதானே?"

இப்படி ஒரு சாக்குக்காகவே காத்திருந்ததுபோலக் கதவுகள் திறந்தன.

சகோர்கா வண்டியிலிருந்து பெரிய பானையை இறக்கினாள். "இந்த பீன்ஸ் பாதிதான் வெந்திருக்கு. எங்க அடுப்பு மக்கர் பண்ணுது. உன் அடுப்புல வை."

எதிர்வீட்டுப் புகைபோக்கியில் புகை அருமையாகப் போய்க்கொண்டிருந்தது. மிலுங்கா அதைப் பார்த்தாள். பானையை உள்ளே கொண்டுபோனாள்.

"தலைவரே, உங்க காலுக்கடியில இருக்கிற கட்டையும் உள்ள போகணும்," என்று சகோர்கா ப்ரெத்ராக் பக்கம் திரும்பினாள்.

"எனக்கு இடுப்பு சரியில்லைம்மா."

"அவ்வளவு நேரம் பேசறப்ப நல்லாத்தானே நின்னுச்சு?"

போட்டோக்காரர் சிரித்துவிட்டு, கேமராவை ஜன்னலில் வைத்து, இரண்டு கட்டைகளை அணைத்துத் தூக்கினார். தலைவருக்கு வேறு வழியில்லை. நான்கு நடைக்குப் பிறகு அவருக்குப் பேச மூச்சில்லை. அன்று பேசியதையெல்லாம்விட அது நன்றாக இருந்தது.

கடைசிக் கட்டை கொட்டகைக்குள் போன பிறகுதான் மழை கொட்டியது. எல்லாரும் மிலுங்காவின் மேசையைச் சுற்றி நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். அவளே பரிமாறினாள். ஒரு வாய் ருசித்துவிட்டு முகத்தைச் சுளித்தாள்.

"உப்பு கம்மிக்கா. என் வீட்ல இப்படி ஒண்ணைப் பரிமாற எனக்கே வெக்கமா இருக்கு."

எல்லாரும் சகோர்காவைப் பார்த்தார்கள். அவளுக்குத் திருப்பிச் சொல்லத் தெரியாததில்லை. ஆனால் இன்று பந்தி மிலுங்காவுடையது.

"சரிதான்," என்று தட்டை நீட்டினாள். "உப்பைப் போட்டுட்டு, இன்னொரு கரண்டி ஊத்து."