கழுத்துச் சொடுக்கு

பிடரி வலி மேஸ்திரியின் உயிரை எடுத்தது. நாள் முழுக்க அண்ணாந்து சீலிங் பூசுகிறவனுக்குக் கழுத்துதான் முதலில் கிழடாகும். ஆனாலும் ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருந்த அவர் கழுத்துப் பக்கம் கையைக் கொண்டுபோகவே இல்லை.

பூச்சு ஆட்களுக்கு மதியச் சோற்றுக்குப் பிறகு அவர்தான் வைத்தியர். தாடையில் ஒரு கை, பின்மண்டையில் ஒரு கை, ஒரே திருகு. சடக்கென்று சத்தம் வந்தால் "ஆஹா" என்பார்கள். தங்கை புருஷன் மட்டும் பிடி கொடுக்காமல் நழுவிக்கொண்டிருந்தான். அண்ணாந்தால் கிறுகிறுக்கிறது என்பான். எல்லாம் வேலைக்கள்ளத்தனம் என்று நினைத்தார்.

"என் தங்கச்சிகிட்டயே கழுத்தக் குடுத்தவன், எங்கிட்ட குடுக்க என்ன மாப்ள பயம்?"

இன்று மதியம் மேஸ்திரி இப்படிக் கேட்டதும் எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தான். சத்தம் நன்றாகத்தான் வந்தது. சாரத்தில் ஏறிக் கொஞ்ச நேரத்தில் பூச்சுக் கரண்டி நழுவியது, வாய் குழறியது. சரிந்தவனை மேஸ்திரிதான் இடுப்போடு அணைத்துப் பிடித்தார்.

டாக்டரம்மா ஸ்கேன் படத்தைக் காட்டினாள். "மூளைக்குப் பின்பக்கமா ரத்தம் கொண்டுபோறது ரெண்டு குழாய். இவருக்குப் பிறவியிலயே ஒண்ணு நூலு மாதிரி. இவ்வளவு வருஷமும் இன்னொண்ணுதான் தனியா இழுத்துக்கிட்டு இருந்திருக்கு. இப்ப அது உள்ளுக்குள்ள கிழிஞ்சிருக்கு. கழுத்துல அடி, திருகல் ஏதாச்சும்?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க. வேலைக்குத்தான் போனாரு" என்று தங்கை முந்திக்கொண்டாள்.

டாக்டரம்மா வெளியே போனதும் மேஸ்திரி பின்னாலேயே ஓடினார்.

"நாந்தாம்மா திருகினேன். மதியம்."

அவள் அவருடைய கைகளைப் பார்த்தாள். "பிறவிக் குறை உங்களுக்குத் தெரிய வழியில்ல. ஆனா கேட்டப்பவே சொல்லியிருக்கணும். இனிமே யார் கழுத்தையும் தொடாதீங்க."

"பொழைச்சுக்குவானா?"

"பார்க்கலாம்."

உள்ளே வந்தபோது தங்கை, தன் புருஷனின் மரத்துப்போன காலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஒரு டம்ளர் டீயை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"குடிண்ணே. நீ மட்டும் பிடிக்கலேன்னா இவரு மண்டை சிதறியிருக்கும். எந்தச் சாமி உன்னைப் பக்கத்துல நிறுத்துச்சோ."

படுத்திருந்தவனின் ஒரு கண் மட்டும் திறந்து மேஸ்திரியைப் பார்த்தது. பேச்சு வரவில்லை.

தங்கை இன்னும் அழுத்தித் தேய்த்தாள். டீ ஆடை கட்டிக்கொண்டிருந்தது. டாக்டரிடம் அவர் சொன்ன அந்த ஒரு வரி, தங்கைக்குச் சொல்ல இன்னும் பாக்கி.