அம்பாசிடருக்கு இன்னொரு ஃபேன்

கார் நடுவழியில் நின்றால் ரோஹிணி யாருக்கு போன் செய்வாள்? இத்தனை வருஷமாக இதற்கு ஒரே பதில்தான். புருஷன் மஹாதேவனுக்குத்தான். அவர்களுடைய பழைய அம்பாசிடர் கரியாஹாட் கடைத்தெரு நெரிசலில் மாட்டினால் போதும், கொதித்து ஆவி கக்க ஆரம்பித்துவிடும். ஜாதவ்பூரில் பள்ளிக்கூட டீச்சரான ரோஹிணி வண்டியை ஓரங்கட்டிவிட்டு, "சித்த வரேளா?" என்பாள். வங்கியிலிருந்து ஓய்வு பெற்று வீட்டில் ஈ ஓட்டிக்கொண்டிருந்த மஹாதேவன் தண்ணீர் கேனைத் தூக்கிக்கொண்டு ஆட்டோ பிடிப்பார். போய் இறங்கியதும் நாலு வார்த்தை திட்டுவார், சூடு தணியக் காத்திருந்து தண்ணீர் ஊற்றுவார், பிறகு தாமே ஓட்டிக்கொண்டு வருவார். வருகிற வழியெல்லாம் அவள் வாயைத் திறக்கமாட்டாள். மனுஷனுக்கு அதில் அப்படி ஒரு சந்தோஷம்.

அந்தச் சந்தோஷத்தில் மண்ணைப் போட வந்து சேர்ந்தான் சுஜித். மாடிக்குப் புதிதாகக் குடிவந்த ஈரோட்டுக்காரன், சால்ட் லேக்கில் ஐ.டி. வேலை. ஒருநாள் பானெட்டைத் திறந்து பார்த்தவன் சும்மா போகக் கூடாதோ?

"எஞ்சின் ஃபேன் எஞ்சின் வேகத்துக்குத்தான் சுத்துங்கக்கா. ஜாம்ல நிக்கறப்ப எஞ்சின் மெதுவா ஓடும், காத்து பத்தாது. ரேடியேட்டருக்கு முன்னால கரண்ட் ஃபேன் ஒண்ணு வச்சிட்டா சூடே ஏறாதுங்க."

அக்காவாம். அவள் அக்கா, இவர் மட்டும் சார்.

"வண்டி பண்ணினவனுக்குத் தெரியாததா இவனுக்குத் தெரிஞ்சுடுத்து?" என்று மஹாதேவன் சமையலறைக்குள் போய்ப் பொருமினார்.

"போட்டுத்தான் பார்க்கட்டுமே, உங்களுக்கென்ன?" என்றாள் ரோஹிணி.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை முழுக்க வாசலில் அதே வேலைதான். முன்பக்கக் கம்பித் தடுப்புக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே ஃபேனைப் பொருத்தினான். பேட்டரியிலிருந்து தடித்த ஒயரை இழுத்து, ஃபியூஸ் ஒன்றையும் ரிலே ஒன்றையும் நடுவில் வைத்து, டாஷ்போர்டுக்குக் கீழே ஒரு சுவிட்சில் கொண்டுவந்து முடித்தான். ரோஹிணி டார்ச் பிடித்தாள், இன்சுலேஷன் டேப்பைக் கடித்துக் கிழித்துக் கொடுத்தாள். எதற்கோ இருவரும் சிரித்தார்கள். ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்த மஹாதேவனுக்கு வயிறு பற்றி எரிந்தது. தப்பாக ஒன்றும் நினைக்கவில்லை. நினைக்க இடமிருந்தாலாவது சண்டை போட ஒரு காரணம் கிடைத்திருக்கும். இதற்கு எந்த முகத்தோடு சண்டை போடுவது?

சுவிட்சைப் போட்டதும் ஃபேன் விர்ரென்று சுற்றியது. அன்றிலிருந்து போன் வரவில்லை. கரியாஹாட்டில் எத்தனை நெரிசல் இருந்தாலும் அவள் ஹாயாக ஓட்டிக்கொண்டு வந்து நின்றாள். "இன்னிக்கு கொஞ்சம்கூட சூடாகலை, தெரியுமா?" என்று தினமும் ஒரு பாராட்டு வேறு. தண்ணீர் கேன் பால்கனியில் துளசித் தொட்டிக்குப் பக்கத்தில் கிடந்தது. வேளாவேளைக்குச் சோறும் காபியும் தவறாமல் கிடைத்தன. ஆனால் இவரைக் கூப்பிடத்தான் அவளுக்கு ஒரு காரியமும் இல்லை. அந்த ஃபேன் ஒருநாள், ஒரே ஒருநாள் நிற்காதா என்று அவர் மனசு கிடந்து தவித்தது.

ஆயுத பூஜை வந்தது. ஊரே துர்கா பூஜையின் நவமிக் கூட்டத்தில் திணற, இவர்கள் வீட்டில் சரஸ்வதி படமும் புத்தக அடுக்கும் சுண்டலும். காருக்குப் பூஜை போடுவது எப்போதும் மஹாதேவன்தான். லேக் மார்க்கெட்டில் வாங்கிய செண்டுமல்லி மாலையை முன்பக்கக் கம்பியில் கட்டி, குங்குமம் வைத்து, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழத்தை வைத்தார். கட்டி முடித்து நிமிரும்போதுதான் பார்த்தார். மாலையின் இடது நுனி மடிந்து, கம்பி இடுக்கு வழியே உள்ளே போய், ஃபேன் இறக்கையை உரசிக்கொண்டிருந்தது.

வெளியே இழுத்துவிட இரண்டு விரல் போதும். கை போகவும் போயிற்று. அதற்குள், "சுஜித்துக்குச் சுண்டல் எடுத்து வச்சிருக்கேன், வந்தா மறக்காம குடுங்கோ. நான் எங்க ஸ்கூல் விஜயாவாத்துக் கொலுவுக்குப் போயிட்டு வந்துடறேன்" என்று பட்டுப்புடவை சரசரக்க ரோஹிணி படி இறங்கினாள். மஹாதேவன் கையை இழுத்துக்கொண்டார். எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு கார் ஜாதவ்பூர் பக்கம் போயிற்று.

அவர் கேனில் தண்ணீர் பிடித்து வாசற்கதவோரம் வைத்தார். சட்டை மாற்றிக்கொண்டு, போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பாவம்தான், வெயிலில் நிற்பாள். நின்றால் என்ன, கூப்பிட்டால் பறந்து போய்விட மாட்டாரா?

சுஜித் வந்து சுண்டல் சாப்பிட உட்கார்ந்தான். அவனுக்குக் காபி கலக்க மஹாதேவன் உள்ளே போன நேரம், போன் அடித்தது. இவருடையது இல்லை, அவனுடையது. எண்ணெய்க் கை என்பதால் ஸ்பீக்கரில் போட்டான்.

"சுஜித், பக்கத்துல அவர் இருக்காரா?" ரோஹிணியின் குரல்.

"உள்ள இருக்காருங்கக்கா."

"நல்லவேளை. டாக்குரியா பாலத்துக்கிட்ட வண்டி கொதிச்சு நிக்கறது. மாலை ஃபேன்ல சுத்திண்டு ஃபியூஸ் போயிடுத்து போலிருக்கு. அவர்கிட்ட மூச்சு விடாதே. அவர் ஆசையா போட்ட மாலை. தன்னாலதான் இப்படி ஆச்சுன்னு தெரிஞ்சா ரெண்டு நாள் சாப்பிடமாட்டார், எனக்குத் தெரியும். நீ மட்டும் வந்து சத்தமில்லாம எடுத்துக் குடுத்துடு."

அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. மஹாதேவன் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். போன் வராததற்குக்கூட இப்போது அழுகை வரவில்லை. ஆசையா போட்ட மாலை என்றாளே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

சுஜித் கையைக் கழுவிக்கொண்டு வந்தான். "சார், ஆபீஸ்ல ஒரு அவசரம். போயிட்டு வந்தர்றேனுங்க."

"கத்தரிக்கோல் எடுத்துண்டு போ" என்றார் மஹாதேவன்.

"எதுக்குங்க சார்?"

"இடது பக்கம்தான் நுனி மடிஞ்சு உள்ள போயிருக்கு. அங்கேர்ந்து வெட்டினா முழுசா வந்துடும்."

"காலையிலயே பாத்தீங்களா சார்?"

"பார்த்தேன்."

"எடுத்து விடலீங்களா?"

"இல்லை."

வெளியே எங்கோ பந்தலில் டாக் மேளம் இடித்துக்கொண்டிருந்தது. சுஜித் மேஜை மேலிருந்த கத்தரிக்கோலை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டான். வாசல் வரை போனவனை மஹாதேவன் கூப்பிட்டார்.

"அவகிட்ட..."

"சொல்ல மாட்டேனுங்க" என்றான் அவன், கொஞ்சமும் கோபமில்லாமல். ஸ்கூட்டர் கிளம்பிப் போயிற்று.

மஹாதேவன் அங்கேயே உட்கார்ந்துவிட்டார். அவள் சொன்னதை இவரிடம் சொல்லமாட்டான், இவர் சொன்னதை அவளிடம் சொல்லமாட்டான். இனிமேல் இந்த வீட்டில் புருஷன் பெண்டாட்டி இரண்டு பேருக்குமே அந்தரங்கமானவன் அந்தப் பயல்தான். அந்த இடத்தையும் தம் கையாலேயே தூக்கிக் கொடுத்தாயிற்று என்று நினைத்ததும், அடங்கியிருந்த வயிறு மறுபடி எரிய ஆரம்பித்தது.