அக்கா நின்ற கோடு

கூடைப்பந்து நடுவர் தேர்வில் இரண்டு முறை தோற்ற பெருமை என் அக்கா புருஷனுக்கு உண்டு. எழுத்துத் தேர்வில் மனிதர் புலி. ஆடுகளத்தில் இறக்கிவிட்டால்தான் எலி. எல்லாம் கோட்டால் வந்த வினை. மாமா பல வருஷம் இறகுப்பந்துப் போட்டிகளில் கோட்டு நடுவராகக் கோட்டோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்தவர். அங்கே கோட்டில் விழுந்தால் உள்ளே. கூடைப்பந்திலோ கோட்டைத் தொட்டாலே வெளியே. இது மாமாவின் மண்டைக்குத் தெரியும், கைக்குத் தெரியாது. கோட்டில் பந்து பட்டதும் வலது கை தானாக நீண்டு ‘உள்ளே’ என்று காட்டிவிடும். ஆட்டக்காரர்கள் பந்தை விட்டுவிட்டு அவரையே பார்ப்பார்கள்.

அக்கா சீனியர் நடுவர். களத்தில் விசிலோடு, வீட்டில் விசில் இல்லாமல். அவள் எள் என்றால் மாமா எண்ணெயாக நிற்பார். கல்யாணமானதிலிருந்து அவளை எதிர்த்து அவர் ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. மூன்றாவது தடவையும் தவறினால் மறுபடி தேர்வு கிடையாது என்று நடுவர் சங்கத்தில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். மாமாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஹாலில் சாக்பீஸால் கோடு போட்டு அக்கா பயிற்சி கொடுத்தாள். பந்துக்குப் பதில் தலையணை, ஆட்டக்காரருக்குப் பதில் நான்.

“பந்து கோட்டுக்கு மேல காத்துல போகுது. வெளியவா?”

“இல்ல. கோட்டுலயோ வெளியிலயோ தரையைத் தொடணும். இல்லாட்டி அங்க நிக்கிற ஆள் மேல படணும்.”

“நடுவர் மேல பட்டா?”

“நடுவரும் தரையும் ஒண்ணு. அவர் எங்க நிக்கிறாரோ அங்க பட்டதா கணக்கு.”

“வாய் நல்லாத்தான் பேசுது. விசில்ல காத்து வருமா?”

அடுத்து, பந்தை வெளியிலிருந்து உள்ளே எறியும் பாடம். நான் கோட்டுக்கு வெளியே நிற்க, மாமா தலையணையைக் கொடுத்துவிட்டு ஐந்து விநாடி எண்ண வேண்டும். அதற்குள் நான் எறியாவிட்டால் பந்து எதிரணிக்கு. மாமாவின் ஐந்து விநாடியில் நான் ஒரு கொட்டாவியை நிதானமாக விட்டு முடிப்பேன்.

“குடுத்ததும் எண்ணுங்க! காபி குடுத்துட்டு டம்ளருக்குக் காத்திருக்கிற மாதிரி நிக்கிறீங்களே!” என்று அக்கா தலையில் அடித்துக்கொண்டாள்.

தேர்வு நாளில் இரண்டு கம்பெனி அணிகள் மோதின, நீலமும் வெள்ளையும். நடுவர்கள் அக்காவும் மாமாவும். ஆளுக்குப் பாதிக் கோடுகள் என்று பிரித்துக்கொண்டார்கள். நான் புள்ளி குறிக்கும் மேசையில். பக்கத்தில் மாமாவுக்கு மார்க் போட வந்த தேர்வாளர், ஜலதோஷத்தோடும் கைக்குட்டையோடும். முதல் பாதியில் ஒரு பந்து கோட்டில் பட்டது. மாமாவின் வலது கை கிளம்பியது. இடது கையால் அதை எட்டிப் பிடித்துக்கொண்டு விசில் ஊதினார். தேர்வாளர் தும்மினார். அது எதற்கு அறிகுறி என்று எனக்கு விளங்கவில்லை.

கடைசி நிமிஷம். நீலம் ஒரு புள்ளி பின்தங்கியிருந்தது. நீல அணியின் நெட்டையன் வீசிய பந்து, என் மேசைக்கு முன்னாலேயே கோட்டோரம் நின்ற அக்காவின் இடுப்பில் பட்டு உள்ளே திரும்பியது. இன்னொரு நீலம் அதைப் பிடித்துக்கொண்டு பாய்ந்தான். அப்போது ஒரு விசில். அதற்குப் பிறகு பந்து கூடையில் விழுந்தது. நீல அணி துள்ளிக் குதித்தது.

விசில் மாமாவுடையது.

“சார், அது உங்க கோடே இல்ல!” என்று நீலக் கேப்டன் கத்தினான். ‘பாவி மனுஷா, இன்றைக்கா உமக்கு வீரம் வர வேண்டும்?’ என்று நான் பல்லைக் கடித்தேன். அக்கா நின்ற இடத்திலிருந்தே திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வைக்கு மாமா வழக்கமாகச் சமையலறைக்குள் போய்விடுவார். இங்கே போக இடமில்லை.

“பந்து மேடம் மேல பட்டுச்சு,” என்றார் மாமா. பெண்டாட்டியை அவர் மேடம் என்றது அன்றுதான். “மேடம் கோட்டுல நிக்கிறாங்க. அப்ப கோட்டுல பட்ட மாதிரிதான். கடைசியா தொட்டது நீலம். பந்து வெள்ளைக்கு. கூடை செல்லாது.”

எல்லாரும் அக்காவின் காலைப் பார்த்தோம். குதிகால் முழுக்கக் கோட்டின் மேல். இவ்வளவு பக்கத்தில் இருந்த நானே கவனிக்கவில்லை. தேர்வாளர் கைக்குட்டையும் கையுமாகப் பாதி எழுந்து எட்டிப் பார்த்தார். அவர் பார்ப்பதற்குள் அக்கா காலை ஒரு சாண் நகர்த்தினால் போதும். அவள் மானம் பிழைக்கும், மாமாவின் தேர்வு போகும்.

அக்கா காலை அசைக்கவில்லை.

“அவர் சொல்றதுதான் சரி. நான் கோட்டுலதான் நிக்கிறேன்,” என்றாள். முகம் சிவந்திருந்தது. பந்தை வாங்கி வெளியே நின்ற வெள்ளை ஆட்டக்காரன் கையில் கொடுத்து, ஊருக்கே கேட்கும்படி எண்ணினாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஜலதோஷம் ஒட்டிக்கொண்டது என்று தேர்வாளரிடம் சொல்லிச் சமாளித்தேன்.

வெள்ளை ஜெயித்தது, மாமாவும் ஜெயித்தார். தேர்வாளர் அக்காவிடம், “உங்க பார்ட்னர் எப்படிம்மா?” என்று கேட்டார்.

“இன்னும் மெதுவாத்தான் எண்ணுறார். ஆனா கண்ணு நல்லா இருக்கு சார்.”

வீட்டுக்கு வந்ததும் அக்கா பழையபடி ஆகிவிட்டாள். ஈரத் துண்டை நாற்காலியில் போட்டது யார் என்று ஆரம்பித்து, சாக்பீஸ் கோடு இன்னும் அழியாத ஹால் நடுவே நின்று மாமாவை வறுத்தெடுத்தாள். மாமா பையிலிருந்து விசிலை எடுத்து உதட்டில் வைத்தார். ஊதவில்லை.

அக்கா பேச்சை நிறுத்திவிட்டு, முதலில் தன் காலைப் பார்த்தாள்.