மணாலிக்கு ஆஃப்செட்

இருந்தவர்கள்: குரோம்பேட்டையில் அப்பாவின் அச்சகத்தைப் பார்த்துக்கொள்ளும் ஷாகுல், கல்லூரியில் பசுமை மன்றம் நடத்திய கெசியா, விமானச் சலுகையைக் கண்டுபிடித்த சம்பத், முனீர். 2008. சனிக்கிழமை மதியம், அந்த அச்சகத்தில். கரன்ட் இல்லாததால் மெஷின்கள் நின்றிருந்தன. மணாலிக்குப் போய்ப் பனி பார்ப்பது பற்றிப் பேச்சு.

முனீருக்கு விமானம் என்றாலே குலை நடுங்கும். சொன்னால் ஆயுள் முழுக்க ஓட்டுவார்கள். அதனால் போன வாரம், விமானப் புகையில் பூமி சூடாகிறது, என் மனசாட்சி இடம் கொடுக்காது என்று ஒரு போடு போட்டிருந்தான்.

"பனி உருகறதுக்குள்ள பார்த்துடணும். ரயில்ல போனா, போய்ச் சேர்றதுக்குள்ள பாதி உருகிடும்," என்றான் சம்பத்.

"நாமளே உருக்கிட்டு, நாமளே போய் எட்டிப் பார்க்கறதா?" என்றாள் கெசியா.

"அதுக்கும் வழி இருக்கு. நெட்ல பார்த்தேன். ஆஃப்செட் பண்ணிட்டா சரியாயிடுமாம்."

 முனீரின் பொய்க்கு இருந்ததே ஒரு கால்தான்; அதையும் சம்பத் தட்டிவிடப் பார்த்தான்.

ஷாகுல் நிமிர்ந்து உட்கார்ந்தான். "இன்னா மச்சான், இதை முன்னாடியே சொல்லக் கூடாதா? கரன்ட் வந்ததும் போட்டுடலாம். எத்தினி காப்பி? ஒரு கலரா, நாலு கலரா?"

கெசியா மேசையில் கவிழ்ந்து சிரித்தாள். சம்பத் விளக்க வேண்டியதாயிற்று. இது அச்சடிக்கிற ஆஃப்செட் இல்லை. நாம் விடும் புகைக்கு ஈடாக வேறு யாரோ எங்கேயோ மரம் நடுவார்கள்.

"மரம் வளர எத்தினி வருஷம்?" என்று கேட்டான் ஷாகுல்.

"பத்து, பதினஞ்சு."

"புகை?"

"அன்னிக்கேதான்."

"தப்பா அடிச்ச கல்யாணப் பத்திரிகைக்குப் பதிலா, பதினஞ்சு வருஷம் கழிச்சு வேற யாருக்கோ கரெக்டா அடிச்சுத் தர்றேன்னா, பொண்ணு வூட்டுக்காரன் சும்மா வுடுவானா? போய் ரயில் டிக்கெட் எடு."

சம்பத் முணுமுணுத்துக்கொண்டே தாம்பரம் ஸ்டேஷனுக்குக் கிளம்பினான். முனீருக்கு ஒரு வாரமாக அடைத்திருந்த மூச்சு வெளியே வந்தது. கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது. மூச்சுதான் பெரிதாக இருந்தது.

வாசலில் கெசியா குரலைத் தாழ்த்தினாள். "மீனம்பாக்கம் ஸ்டேஷன்ல தலைக்கு மேல பிளேன் போனப்போ நீ குனிஞ்சதைப் பார்த்தேன்."

முனீர் செருப்பை மாட்டுவதில் மும்முரமானான்.

"யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். பயத்துல போனாலும், பூமிக்காகப் போனாலும், ரயில் ரயில்தான்."

"வழிய வுடுங்கப்பா, பசிக்குது," என்று ஷாகுல் முனீரை வெளியே தள்ளினான். தானும் வெளியே வந்து, அச்சகக் கதவைச் சாத்திப் பூட்டினான்.